உப்பு என்று சொன்னேன்

கச்சான் காற்று மூன்றாம் நாளாக ஓயவில்லை.
காலை ஆறு பத்துக்கு மண்டபத்திலிருந்து போன்:
"நெட்டு இருக்கு தம்பி, ஆனா இல்ல."
நண்டுக் கம்பெனி உமர்கத்தாப் பாய்.
பதினோரு வருசத் தொழிலில்
கோளாறை இவ்வளவு சரியாக
யாரும் சொன்னதில்லை என்னிடம்.

எடைமேசைக் கம்ப்யூட்டரின் மூலையில் மஞ்சள் முக்கோணம்.
முகவரியைத் திறந்தேன்.
நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நான்கு.
பழகிய எண்தான்:
கூவிக் கூவிக் கேட்டும் பதில் வராதபோது
யந்திரம் தனக்குத் தானே சூட்டிக்கொள்வது.
அதை வைத்துக்கொண்டு
வாசற்படி தாண்ட முடியாது.

வயரைப் பிடுங்கினேன்.
எட்டுப் பல்லும் பச்சை.
கடல் நாற்பது அடியில் இருக்கிறது,
சாவித் துவாரத்தைக்கூட விடாது.
தலையை வெட்டிப் புதுசு இடுக்கினேன்.
இப்போது எண் வந்தது,
ஆனால் என் எண் இல்லை.

நான் எழுதி வைத்த வரிசை ஒன்றில் தொடங்கும்.
வந்தது பூஜ்யம்.
ரவுட்டரை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
அப்போதும் வந்தது பூஜ்யம்.

மீன்துறை ஆபீசில் டோக்கன் ஜன்னல் ஒன்று.
எத்தனை படகு நின்றாலும் ஒன்று.
பின்பக்கம் இன்னொரு ஜன்னல் திறந்து
எவரோ சீட்டுக் கிழித்தால் என்ன ஆகும்?
முதலில் நீட்டிய கையிலிருந்து வாங்கிக்கொண்டு
படகு கிளம்பிவிடும்,
போகும் திசையில் கடலே இல்லாவிட்டாலும்.

சுவிட்சில் ஏழாவது விளக்கு காரணமில்லாமல் துடித்தது.
அதன் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
ஐஸ் உடைக்கிற அறை. நீல டிரம்கள்.
அவித்த நண்டின் ஆவி.
தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
சதை பிரிக்கும் பெண்கள், வெள்ளைத் தொப்பி.
யாரும் நிமிரவில்லை.
இருபத்திரண்டு கத்தியும் ஒரே நேரத்தில் மெதுவானது
எனக்குக் கேட்டது.

மாடியில் உடுப்பு மாற்றும் அறை.
சோற்றுப் பைகள் தொங்கும் ஆணிகளுக்குப் பின்னால்
பழைய வெள்ளைப் பெட்டி ஒன்று,
ஒடிந்த ஆன்டெனாவுக்குக் காயப் பிளாஸ்திரி.
கையைத் துடைத்தபடி முத்துராக்கு ஏறி வந்தாள்.
"தலைக்கு முப்பத்தஞ்சு போட்டோம்ணே.
பாம்பன்ல, பழைய இரும்புக் கடையில.
இங்க டவர் எடுக்காது. பாஸ்வேர்டு ஆபீசுக்கு மட்டும்."
"வயர எந்த ஓட்டைல செருகுன?"
"பொருந்துன ஓட்டைல."
பிறகு, அவளே:
"ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல.
வர்ற அன்னைக்குப் பிள்ளைங்க பேசுதுங்க.
வராத அன்னைக்கு எங்க தப்புனு நெனச்சுக்குவோம்."

பிடுங்கிப் பையில் போட்டிருக்கலாம்.
அதுதான் பத்து நொடி வேலை.
படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
கடைக்காரன் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் இருந்தது.
'தானாக முகவரி வழங்கு' என்ற இடத்தில்
டிக்கை எடுத்தேன்.
பெட்டிக்கு இரண்டாம் எண் கொடுத்தேன்.
இனி இது சீட்டுக் கிழிக்காது,
கேட்பவரைக் கீழே உள்ள ஜன்னலுக்கு அனுப்பும், அவ்வளவுதான்.
கீழே ஐம்பது பேருக்கு என்றிருந்த வரிசையை
நூற்றைம்பது ஆக்கினேன்.

எடைமேசை விழித்தது.
முதல் பில் தூத்துக்குடிக்குப் போனது,
நூற்றுப் பத்துக் கிலோ, கால் சதை தனியாக.
"என்னப்பா ஆச்சு?" என்றார் பாய்.
பச்சைப் பிடித்த தலையை மேசைமேல் வைத்தேன்.
"உப்பு, பாய்."
அதுவும் பொய் இல்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நானூறு ரூபாயை எண்ணி வைத்தார்.
நான் மூட மறந்த திரையில்
முகவரி வாங்கியவர்களின் பட்டியல்
ஒவ்வொரு பெயராக இறங்கிக்கொண்டிருந்தது.
விவோ. ரெட்மி. விவோ. ராக்கு போன். ரெட்மி.
கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

"உப்பு எத்தனை போன் வச்சிருக்கு தம்பி?"

தடுப்புக்கு அந்தப் பக்கம்
கத்திகள் மறுபடி மெதுவாயின.